தட்டில் கேட்டதும் பந்தலில் கேட்டதும்

கரிசல் பக்கத்துக் கல்யாண வீட்டில் நாகஸ்வரக்காரர் எத்தனை கீர்த்தனை வாசித்தாலும், 'சிங்கார வேலனே தேவா' வாசிக்காமல் சீவாளியைக் கழற்றிவிட முடியாது. தாலி கட்டு முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருக்கும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, வெற்றிலை போட்ட வாயோடு ஒரு பெரியவர் மேளக்காரர்கள் உட்கார்ந்திருக்கிற ஜமுக்காளத்துப் பக்கம் வந்து குனிவார். "அண்ணாச்சி, அதைக் கொஞ்சம் எடுத்து விடுங்க" என்பார். எதை என்று வாசிப்பவரும் கேட்க மாட்டார், பக்கத்தில் இருப்பவர்களும் கேட்க மாட்டார்கள். தவில்காரர் மட்டும் வாரை ஒரு இழுப்பு இழுத்து இறுக்கிக்கொள்வார்.

இடைசெவலில் பிறந்து வளர்ந்ததால் இந்த ஒரு பாட்டைப் பல விதமாகக் கேட்டிருக்கிறேன். இசைத்தட்டில், வானொலியில், கல்யாணப் பந்தலில், ஊர்ப் பொங்கலுக்கு வருகிற நையாண்டி மேளத்தில், ஆர்கெஸ்ட்ரா மேடையில், பேண்டு வாத்தியத்தில், தீப்பெட்டி ஆபீஸ் பெண்களின் வாயில், இப்போது செல்போனில். அசல் எது, அதைக் கேட்டு வாசித்தது எது, இரண்டில் எது மேல் என்று சின்ன வயதிலிருந்து என் காது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறது. மற்ற சினிமாப் பாட்டுகளுக்கு இந்த விசாரம் எங்கள் ஊரில் யாருக்கும் பெரிதாக வந்ததில்லை. இதற்கு வரக் காரணம், இதை வாசித்த மனிதர் எங்களுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தவர்.

'கொஞ்சும் சலங்கை' 1962இல் வந்த படம். எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை. கு.மா.பாலசுப்பிரமணியம் எழுதிய பாட்டு. எஸ்.ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரம் வாசித்தார். திரையில் பாடுவது சாவித்திரி, வாசிப்பது ஜெமினி கணேசன். ராகம் ஆபேரி. காருகுறிச்சி தாமிரபரணிச் சீமையில் இருக்கிற ஊர் என்றாலும், அருணாசலம் குடியிருந்தது கோவில்பட்டியில். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1964இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி ரோட்டில் நாலாட்டின்புத்தூரைத் தாண்டினால் எங்கள் ஊர். ஆகவே எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அவர் சினிமாவில் கேட்ட ஆள் இல்லை. கடைத்தெருவில் எதிரே வந்த ஆள், முகூர்த்தத்தில் உட்கார்ந்து வாசித்த ஆள்.

நான் அவரை நேரில் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. எனக்கு அவர் முதலில் கிடைத்தது மாமாவின் ரேடியோ செட்டில். ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு ஆகுஜா ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், கொஞ்சம் சீரியல் லைட்டு, இவ்வளவுதான் மாமாவின் சொத்து. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று சுற்றுவட்டாரத்தில் எந்த விசேஷம் என்றாலும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். வேப்பமரத்து உச்சியில் ஒரு குழாயை வடக்கே பார்த்தும் இன்னொன்றைத் தெற்கே பார்த்தும் கட்டுவார். கரிசல் பூமியில் சத்தத்தை மறிக்க மலையும் கிடையாது, தோப்பும் கிடையாது. பருத்திக் காட்டில் களை எடுக்கிற பெண்கள் அடுத்த ஊர் விசேஷத்துப் பாட்டை முழுசாகக் கேட்டுக்கொண்டே எடுப்பார்கள். காற்று திரும்பினால் ஒரு வரி போய்விடும், மறுபடியும் வரும்.

குழாய் ஸ்பீக்கருக்கு ஒரு குணம் உண்டு. கீழ்ச் சத்தத்தை அது தராது. தாளக் கட்டின் அடிச்சத்தம், சுருதியின் கனம் எல்லாம் மரத்திலேயே நின்றுவிடும். மேலே நாகஸ்வரமும் ஜானகியும் மட்டும் ஊர் ஊராகப் போவார்கள். ரொம்ப வருஷம் கழித்து, நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொண்டு இதே பாட்டைக் கேட்டபோது அடியில் ஒரு பெரிய கட்டடமே இருப்பது தெரிந்தது. தெரிந்தும், அது எனக்கு ஒட்டவில்லை. என் காதில் முதலில் குடிவந்த பாட்டில் அந்த அடிச்சத்தம் இல்லை. வெட்டவெளியில் வெயிலோடு வந்த பாட்டு அது. சுப்பையா நாயுடு செய்ததிலிருந்து மாமாவின் குழாய் கொஞ்சத்தைக் கழித்துவிட்டு மீதியைத்தான் எங்களுக்குக் கொடுத்திருக்கிறது. அந்த மீதியை அசல் என்று நம்பித்தான் ஒரு தலைமுறை வளர்ந்தது.

பாட்டுக்கு முன்னால் ஜெமினி பேசுகிற ஒரு வசனம் உண்டு. பாட்டைவிட அது எங்களுக்கு நன்றாக மனப்பாடம். பந்தலில் வாசிக்கிறபோது வசனத்துக்கு யார் போவது? கூட்டத்தில் யாராவது எழுந்து ஜெமினி குரலில் அதைச் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள், நாகஸ்வரக்காரர் அந்தச் சிரிப்பு அடங்கும் வரை குழலை உதட்டிலிருந்து எடுத்துக் காத்திருப்பார். அப்படி யாரும் சொல்லாத பந்தலிலும் வாசிப்பவர் அவ்வளவு நேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் தொடங்குவார் என்பதைக் கவனித்திருக்கிறேன். வசனம் அவர் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

தீப்பெட்டி ஆபீஸில் அத்தை வேலை பார்த்தாள். விடிவதற்கு முன்னாடி ஆபீஸ் வண்டி ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும், தூக்குச்சட்டியோடு பெண்கள் ஏறுவார்கள். பள்ளிக்கூடம் லீவு நாளில் அவளுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் நானும் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். சட்டத்தில் குச்சி அடுக்குகிற வேலை. குச்சியை வரிவரியாக வைத்து, ஒவ்வொரு வரிக்கும் மேல் ஒரு பட்டையை வைத்து அமுக்கி, அடுத்த வரி. திருநெல்வேலி வானொலியிலோ இலங்கை வானொலியிலோ கேட்ட பாட்டை அங்கே திரும்பப் பாடுவார்கள். 'சிங்கார வேலனே' என்றால் ஜானகி பாடுவதைப் பாட ஒருத்தி, நாகஸ்வரத்தைப் பாட ஒருத்தி. நாகஸ்வரத்துக்கு எங்கள் அத்தை. வார்த்தையே கிடையாது, வெறும் னகரத்தில் இழுப்பாள். சுரம் என்றால் என்னவென்றே தெரியாதவள், சுரக் கோர்வை வருகிற இடத்தில் கை விரலும் தொண்டையும் ஒன்றாக ஓட, பட்டை வைத்து அமுக்குகிற நொடியில் சரியாக முடிப்பாள். தட்டில் உள்ள வேகம் அவர்களுக்குக் கட்டாது. கூலி குச்சிக்கு உண்டு, பாட்டுக்கு இல்லை. ஆகவே குச்சி அடுக்குகிற வேகத்துக்குப் பாட்டை இறக்கிக்கொண்டார்கள். அப்படி இறங்கியபோது ஆபேரியின் ஒவ்வொரு வளைவும் தனித்தனியாகத் தெரிந்தது. தட்டில் கேட்கும்போது வழுக்கிக்கொண்டு போன இடங்கள் எல்லாம் அத்தை பாடித்தான் எனக்குப் பிடிபட்டன.

பந்தலுக்கு வருகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்ததில் பாதி அங்கேதான் இருக்கிறது.

படத்தில் இது இரண்டு பேர் பாட்டு. ஜானகி பாடும்போது நாகஸ்வரம் ஒதுங்கி நிற்கும், நாகஸ்வரம் எழும்பும்போது அந்தம்மா ஒதுங்கி நிற்பார். கடைசியில் சுரத்தில் இரண்டும் ஒன்றையொன்று துரத்தும். ஒதுங்கி நிற்கிற நேரத்தில்தான் வாசிப்பவருக்கு மூச்சு. பந்தலில் ஜானகி கிடையாது. ஒரே ஆள் இரண்டையும் வாசித்தால் மூச்சு வாங்க இடமே இல்லை. அதனால் சோடி நாகஸ்வரமாக வருகிறவர்கள் பாட்டைப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். மூத்தவர் காருகுறிச்சியார், இளையவர் ஜானகி. எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். எங்கள் பக்கம் நான் கேட்ட நல்ல வாசிப்பு எல்லாம் இப்படித்தான் இருந்தது.

ஜானகிக்கு வாசிக்கிறவர் பாடுதான் கஷ்டம். நாகஸ்வரம் அடங்கிப் பேசப் பிறந்த வாத்தியம் இல்லை. தெருவில் சாமி புறப்பாட்டுக்கு, நாலு ரத வீதிக்கும் கேட்க வேண்டும் என்று செய்த வாத்தியம். அதில் ஒரு பெண் குரலின் மென்மையைக் கொண்டுவர வேண்டும். கழுகுமலைப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு இரண்டாம் நாகஸ்வரக்காரர் இதைச் செய்வதை ஜமுக்காளத்து ஓரத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தன் முறை வருவதற்கு முன் சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்கிக்கொள்வார். தொடங்கும்போது உதட்டை இறுக்கி, காற்றைப் பாதியாகக் குறைத்து, விரலைத் துளையிலிருந்து முழுக்க எடுக்காமல் ஓரத்தை மட்டும் திறப்பார். சத்தம் கம்மி, ஆனால் கமகம் அப்படியே இருக்கும். பாட்டின் எழுத்துகள் விழுகிற இடத்தில் நாக்கால் சின்னதாகத் தட்டுவார். வார்த்தை தெரிந்தவர்களுக்கு வார்த்தையே கேட்கும். ஒருதரம் பந்தி முடிந்து அவருக்கு இலை போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பற்றிக் கேட்டேன். "அந்தம்மாவுக்குச் சொல்லு இருக்கு தம்பி. எனக்கு நாக்கு மட்டும்தானே" என்றார். சாம்பாரை ஊற்றிக்கொண்டு மேலே ஒன்றும் பேசவில்லை.

அவருடைய ஜானகியில் ஒரு இடம் தட்டில் உள்ளபடி இருக்காது. ஜானகி ஒரே மூச்சில் பாடிய ஒரு வரியை அவர் நடுவில் ஒரு மூச்சு விட்டு இரண்டாக வாசிப்பார். முதலில் அது எனக்கு உறுத்தியது. கேட்கக் கேட்க, அவர் மூச்சு விட்ட இடம் அந்த வரியின் பொருள் திரும்புகிற இடம் என்று தெரிந்தது. வார்த்தை இல்லாத வாத்தியத்தில் பொருளுக்கு மரியாதை கொடுத்து மூச்சு விடுகிறார். அன்றிலிருந்து யார் எந்தப் பாட்டைத் திரும்ப வாசித்தாலும் பாடினாலும் நான் முதலில் கவனிப்பது மூச்சைத்தான். சங்கதியைக் காப்பியடித்துவிடலாம். குரலைக்கூடப் பழகிக் கொண்டுவந்துவிடலாம். மூச்சு அவரவர் நெஞ்சுக்கூட்டிலிருந்து வருகிறது. அடுத்தவர் மூச்சு விட்ட இடத்திலேயே நாமும் விட வேண்டும் என்று கட்டாயப்படுத்திக்கொண்டு பாடினால், பாட்டு சரியாக இருக்கும், பாடுகிற ஆள் அதில் இருக்க மாட்டார்.

எங்கள் பெரியப்பாவுக்கு இந்த ஒப்பீடெல்லாம் பிடிக்காது. அவர் காருகுறிச்சியாரைக் கோவில்பட்டியிலும் சுற்றுப்பக்கக் கல்யாணங்களிலும் நேரில் கேட்டவர். மாப்பிள்ளை ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குப் பின்னாலேயே நடந்து, விடியும் மட்டும் கேட்டவர். மாமா தட்டைப் போட்டு, பந்தலே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்போது பெரியப்பா மட்டும் அசையாமல் இருப்பார். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏன் பெரியப்பா, இது நல்லா இல்லையா?"

"நல்லா இல்லன்னு யாருடே சொன்னா? இது அவரு வாசிச்சதுல ஒரு ஓரம். ராத்திரி ஒரு ராகத்தைப் பிடிச்சாருன்னா தெரு முக்குக்கு முக்கு நின்னு நின்னு, ஒவ்வொரு முக்குக்கும் ஒரு தினுசா வாசிப்பாரு. ஒரு தடவை வந்தது மறு தடவை வராது. இந்தத் தட்டுல எப்பப் போட்டாலும் அதேல்லா வருது."

எங்களுக்கு அசலாக இருந்தது அவருக்கு நகல். தெருத்தெருவாக நின்று வாசித்த ஆபேரியை, சினிமாவுக்குள்ள சில நிமிஷ இடத்துக்கு வெட்டி, ஒரு கதாநாயகியின் பாட்டோடு இழைத்து, ஜெமினி கணேசனின் விரல் அசைவுக்குக் கொடுத்த நகல். பெரியப்பாவோடு இதில் எனக்குப் பாதிதான் ஒப்புதல். வெட்டியதனால் அதில் ஒரு கட்டுக்கோப்பு வந்திருக்கிறது. விடிய விடிய வாசித்ததைக் கேட்க இடைசெவல்காரர்களுக்கு வாய்த்தது, மற்றவர்களுக்கு அந்தச் சில நிமிஷம்தான் வாய்த்தது. ஆனால் அவர் சொன்னதிலிருந்து ஒன்றை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். தட்டைக் கேட்டு வாசிக்கிறவருடைய கடன் தட்டுக்கு இல்லை. தட்டு எதிலிருந்து வந்ததோ அந்த ராகத்துக்கு.

ராகம் மட்டும் மாறாமல் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. எங்களுக்குக் கிழக்கே எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் உயிர் விட்ட ஊர். அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரிய நூலை 1904இல் அங்கிருந்துதான் வெளியிட்டார். அதில் உள்ள ஆபேரிக்குச் சுத்த தைவதம். நாம் இன்று கேட்கிற ஆபேரிக்குச் சதுஸ்ருதி தைவதம். ஒரு சுரம்தான் வித்தியாசம், ஆனால் ராகத்தின் முகமே வேறாகிவிடும். தியாகராஜரின் 'நகுமோமு'வும் பழைய நாளில் சுத்த தைவதத்தில்தான் இருந்தது என்று சங்கீதம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆக, எட்டயபுரத்துப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் 'சிங்கார வேலனே'வின் ஆபேரியே இன்னொன்றைப் பார்த்துத் திரும்பப் பாடி, பாடுகிற போக்கில் மாறிய ஒன்று. அதனால் அது குறைந்துவிட்டதா? என் காது இல்லை என்கிறது.

எட்டயபுரம் என்றதும் பாரதி. 'சின்னஞ்சிறு கிளியே'வுக்குப் பாரதி பைரவி ராகம், ரூபக தாளம் என்று எழுதிச் சுரமும் குறித்து வைத்தார். 1951இல் 'மணமகள்' படத்துக்காக சி.ஆர்.சுப்பராமன் அதைக் காபியில் தொடங்கும் ராகமாலிகையாக மெட்டமைக்க, எம்.எல்.வசந்தகுமாரி பாடினார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் தாலாட்டுப் பாடுகிற தாயிலிருந்து கச்சேரி மேடை வரை அந்த மெட்டுதான். எட்டயபுரத்தில் ஒரு டிசம்பர் மாதம், பாரதி பிறந்தநாள் கூட்டத்தில் வயசான ஒருவர் அதைப் பைரவியில் பாடினார். நல்ல சாரீரம், தாளமும் சுத்தம். என் பின்னாலிருந்த பையன்கள் "தாத்தாவுக்கு மெட்டுத் தெரியலடே" என்றார்கள். பாரதி பிறந்த ஊரிலேயே பாரதி போட்ட மெட்டு அந்நியம். எனக்கு அன்றைக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அதே சமயம், பைரவியில் கேட்டபோது அந்தப் பாட்டில் கொஞ்சலைவிடக் கெஞ்சல் தூக்கலாக இருப்பதைக் கண்டேன். வசந்தகுமாரியைக் கேட்கும்போது அந்தக் கெஞ்சல் தெரிவதில்லை. இரண்டையும் கேட்டவனுக்குத்தான் வரிகளில் இரண்டும் இருப்பது தெரியும். சுப்பராமன் மெட்டைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. பாரதியே கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திர மெட்டை எடுத்து அதில் சுதந்திரப் பாட்டு எழுதியவர்தானே. அந்தப் பெரியவரைப் போல இன்னும் நாலு பேர் பைரவியில் பாட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

எங்கள் ஊரில் பிறந்த இரண்டு பெரிய எழுத்தாளர்களும் இந்த விஷயத்தில் இரண்டு பக்கம் நின்றவர்கள் என்று எனக்குத் தோன்றும். கு.அழகிரிசாமி, சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தைப் பதிப்பித்தவர். பதிப்பிக்கிறவனுக்குக் கவிஞன் எழுதியது எது, பின்னால் வாய்க்கு வாய் மாறியது எது என்று பிரித்துப் பார்க்கிற கண் வேண்டும். கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் பாடிப் பாடித் தேய்த்த பாட்டு அது. கி.ராஜநாராயணன் ஊர் ஊராகக் கதை சேகரித்தவர். ஒரே கதையை நாலு கிழவிகள் நாலு விதமாகச் சொன்னால் அவருக்கு நாலும் வேண்டும். ஒருத்தி சொன்னது சரி, மற்றவள் சொன்னது பிழை என்று அவர் தள்ளியதில்லை. இருவரும் சங்கீதத்தில் ஊறியவர்கள். கி.ரா. ராக ஆலாபனைக்குப் பேர்போன விளாத்திகுளம் சுவாமிகளிடம் பாட்டுக் கற்க முனைந்தவர். பழம்பாட்டுகளுக்கு அழகிரிசாமியின் கண்ணும் வேண்டும், கி.ரா.வின் காதும் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் பாட்டு ஏட்டிலேயே செத்துப்போகும், இல்லையென்றால் எங்கிருந்து வந்தது என்பதே மறந்துபோகும்.

நையாண்டி மேளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பங்குனிப் பொங்கலுக்குக் கரகாட்டம் வரும்போது இந்தப் பாட்டு தெம்மாங்குத் தாளத்தில் குதித்துக்கொண்டு வரும். ஆடுகிறவளின் காலுக்காக வாசிக்கிறார்கள், அந்தக் காலுக்கு அது பொருந்தும். உட்கார்ந்து கேட்க அதில் ஒன்றும் இல்லை.

ஆர்கெஸ்ட்ரா வேறு கதை. 1980களில் பொங்கல் இரவு என்றால் மேடை, கலர் லைட்டு, கோட்டுப் போட்ட பாடகர்கள். டி.எம்.எஸ். குரலுக்கு ஒருவர், எஸ்.பி.பி. குரலுக்கு ஒருவர் என்று ஆள் வைத்திருப்பார்கள். "அப்படியே தட்டு மாதிரி இருக்கு" என்பதுதான் கூட்டம் கொடுக்கிற பெரிய பாராட்டு. அந்தப் பாராட்டுக்காக அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துப் பேச மாட்டேன். டேப்பை ஓட்டி ஓட்டி, ரிவைண்டு பித்தான் தேயத் தேயக் கேட்டு, கிடார் எங்கே வெட்டுகிறது, பாடகர் எங்கே லேசாகச் சிரிக்கிறார் என்பதுவரை கற்றுக்கொண்டு வருவார்கள். அது பெரிய பாடம். பாடம் முடிந்த பிறகும் அதிலேயே நின்றுவிட்டவர்கள் நிறைய, தாண்டி வந்தவர்கள் சிலர்.

தாண்டி வந்த ஒருத்தியை ஒரு பொங்கல் இரவில் கேட்டேன். அன்றைக்குக் கீபோர்டில் நாகஸ்வரச் சத்தம் போடாமல், எங்கள் பக்கத்து நாகஸ்வரக்காரர் ஒருவரையே மேடையில் ஏற்றிவிட்டார்கள். அங்கே வந்தது சிக்கல். நாகஸ்வரத்தின் சுருதி அதன் நீளத்தோடு செய்து முடித்த சுருதி. சீவாளியை மாற்றிக் கொஞ்சம் ஏற்றி இறக்கலாமே தவிர, பாடகிக்குத் தக்கபடி கட்டையை மாற்ற முடியாது. கீபோர்டு நாகஸ்வரத்தோடு சேர்ந்துகொண்டது, கிடார் சேர்ந்துகொண்டது, பாடுகிற பெண்ணும் சேர வேண்டியதாயிற்று. அவளுக்கு அது தாழ்ந்த சுருதி. கீழே இறங்குகிற இடங்களில் குரல் காற்றாகப் போகும். ஒத்திகையில்லாத மேடை. அவள் என்ன செய்தாள் தெரியுமா? கீழ்ஸ்தாயி வருகிற வரிகளின் கடைசியைத் தான் பாடாமல், நாகஸ்வரக்காரர் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினாள். அவர் புரிந்துகொண்டு அந்த வாலை எடுத்து முடித்தார். மறுமுறை அவள் தொடங்க, அவர் முடிக்க. படத்தில் ஒருவர் முடித்த பிறகு இன்னொருவர் தொடங்குவார். இங்கே ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் பேசினார்கள். கைதட்டு சுமார்தான். "ஜானகி மாதிரி இல்லையே" என்று பக்கத்தில் ஒரு மதினி சொன்னார். நான் கேட்ட 'சிங்கார வேலனே'க்களில் அன்றைக்குக் கேட்டதைத் தட்டுக்கு அடுத்தபடியாக வைப்பேன், சில நாள் தட்டுக்கு முன்னாடியும் வைப்பேன்.

இப்படி மனசாரச் சொல்ல முடியாத மறுபதிப்புகளும் உண்டு. 1970இல் வந்த 'சொர்க்கம்' படத்தில் விஸ்வநாதன் இசையில் டி.எம்.எஸ். பாடிய 'பொன்மகள் வந்தாள்', 2007இல் 'அழகிய தமிழ் மகன்' படத்தில் ஏ.ஆர்.ரகுமான் இசையில் மறுபடி வந்தது. ரகுமான் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அந்தப் பாட்டில் புது தாளக்கட்டும் ராப்பும் பழைய மெட்டைச் சுற்றி வேலி போட்டதுபோல் நிற்கின்றன, உள்ளே யாரும் போகவில்லை. விஸ்வநாதன் அந்த மெட்டில் வைத்த துள்ளலுக்கு மேலே இன்னொரு துள்ளலை ஏற்றினால் இரண்டும் கேட்காது. கழுகுமலைக்காரர் ஒரு மூச்சை மாற்றி வைத்ததில் இருந்த யோசனை அவ்வளவு பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில் நடக்கவில்லை என்பது என் எண்ணம்.

போன வைகாசியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நாகஸ்வரத்துக்கு வந்தவர் இருபத்தைந்து வயதுக்குள் இருப்பார். பந்தி நேரத்தில் வழக்கம்போல யாரோ கேட்க, 'சிங்கார வேலனே' தொடங்கினார். அசந்துவிட்டேன். தட்டில் உள்ளது ஒன்று விடாமல் வந்தது. ஜானகி பகுதி, காருகுறிச்சியார் பகுதி, நடுவில் மற்ற வாத்தியங்கள் வருகிற சின்னச் சின்ன இணைப்புகள்கூட நாகஸ்வரத்தில் வந்தன. மூச்சுகூடத் தட்டின் மூச்சு. பக்கத்தில் போய்க் கேட்டேன். போனில் பாதி வேகத்துக்கு இறக்கி வைத்து, துண்டு துண்டாகக் கேட்டுப் பாடம் செய்ததாகச் சொன்னார். எங்கள் அத்தை குச்சி அடுக்கிக்கொண்டு செய்ததை இவர் யூடியூபில் ஒரு பித்தானை அமுக்கிச் செய்திருக்கிறார்.

"பாட்டு வேண்டாம் தம்பி, வெறும் ஆபேரி கொஞ்சம் வாசிப்பீங்களா?" என்றேன். தவில்காரரைப் பார்த்தார். அவர் தவிலை இறக்கி வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். தம்பி தொடங்கினார். முதல் கொஞ்ச நேரம் பாட்டின் வளைவுகளே திரும்பத் திரும்ப வந்தன, அதிலிருந்து வெளியே வரத் தெரியாமல் சுற்றினார். அப்புறம் மேல் சட்ஜத்தில் ஒரு நிறுத்து நிறுத்தினார் பாருங்கள், அது எந்தத் தட்டிலும் இல்லாத நிறுத்து. அங்கிருந்து இறங்கி வந்த வழியும் அவருடைய சொந்த வழி. பந்தியில் பாயசம் கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன்.

கிளம்புவதற்கு முன் நம்பர் வாங்கிக்கொண்டேன். காருகுறிச்சியாரின் பழைய கச்சேரிப் பதிவுகள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் ராகத்தை விஸ்தாரமாக வாசித்தவற்றைத் தேடி ஒவ்வொன்றாக அனுப்பினேன். ஒரு வாரம் பேச்சில்லை. பிறகு ராத்திரி கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, சினிமாவுல வாசிச்சவரும் இவரும் ஒரே ஆளுதானா? இதுல ஒரு தடவை வந்தது மறு தடவை வரவே மாட்டேங்குதே. எதைப் பாடம் பண்ண?"

பெரியப்பா இருந்திருந்தால் போனை என்னிடமிருந்து பிடுங்கியிருப்பார். பாடம் பண்ண வேண்டாம், கேட்டுக்கொண்டே இருங்கள் என்று சொன்னேன். சரி என்றார். அடுத்து அவர் கேட்டதற்குத்தான் இன்னும் பதில் கொடுக்க முடியவில்லை. கல்யாண ஊர்வலத்தில் காருகுறிச்சியார் விஸ்தாரமாக வாசித்த ஆபேரி எங்கேயாவது பதிவாகியிருக்கிறதா என்று கேட்டார். அந்தக் காலத்தில் ஸ்பூல் டேப் ரெக்கார்டர் வைத்திருந்த குடும்பங்கள் கோவில்பட்டியிலும் எட்டயபுரத்திலும் சில உண்டு. ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு வீட்டில் பரண் மேல் ஒரு பெட்டி இருக்கிறது, பேரன் சென்னையிலிருந்து வந்ததும் இறக்கிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.